சாம்பல் கிளிக் குஞ்சுக்குத் தீனி மாற்றம்: தராசு, கணவாய் ஓடு, முருங்கை

காலையில் பார்த்தால் கிண்ணம் நிறைய சூரியகாந்தி விதை இருப்பதுபோல் தெரியும். ஒரு ஊது ஊதினால் மேலே கிடந்த தோல் எல்லாம் பறந்துபோய் அடியில் நாலு விதை மிஞ்சும். கிளி விதையை உடைத்துப் பருப்பை விழுங்கிவிட்டுத் தோலை அதே கிண்ணத்தில்தான் போடும். "சாப்பாடு இருக்கிறதே" என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, குஞ்சு அரைப் பட்டினியில் இருக்கும். பெல்லட், அதாவது அரைத்து உருண்டையாக அழுத்திய கிளித் தீவனம், போட்டால் இதற்கு நேர்மாறு. கிண்ணம் காலியாகும், தின்றுவிட்டது என்று மகிழ்வோம், தட்டுக்கடியில் அத்தனையும் பொடியாகக் கிடக்கும். இரண்டிலும் கிண்ணம் பொய் சொல்கிறது. அதனால் தீனி மாற்றத்தில் முதல் செலவு ஒரு தராசு.

இந்தப் பதிவு நாலு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் இருக்கிற, தானாகத் தின்னப் பழகிவிட்ட, ஆனால் சூரியகாந்தியும் நிலக்கடலையும் மட்டுமே தெரிந்த ஆப்பிரிக்க சாம்பல் கிளிக்கானது. மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று கடலை ஒட்டிய ஊர்களின் வெயில், ஈரக்காற்று, உப்புத் தண்ணீர் மூன்றையும் கணக்கில் வைத்து எழுதியிருக்கிறது.

ஆரம்பிக்குமுன் இரண்டைச் சரிபார்த்துக்கொள்ளவும். ஒன்று, வயது. குஞ்சின் கருவிழியைச் சுற்றிய வளையம் கருஞ்சாம்பலாக இருக்கும். மாதம் ஏற ஏற வெளுத்து, ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் வெளிர்மஞ்சளாகும். "ஒரு வயசுப் பறவை" என்று சொல்லி விற்றது கரிய கண்ணோடு, ஆளைக் கண்டதும் தலையை ஆட்டி முனகிக் கெஞ்சினால் அது இன்னும் கையால் ஊட்டவேண்டிய குஞ்சு. சாம்பல் கிளி பொதுவாக 12 முதல் 16 வாரத்தில் தானாகத் தின்னப் பழகும், சிலது இன்னும் தாமதிக்கும். அதுவரை தீனி மாற்றம் என்ற பேச்சே வேண்டாம். ஊட்டுமாவை 39 முதல் 41 டிகிரி செல்சியஸ் சூட்டில் கொடுத்துக்கொண்டே, பக்கத்தில் மென்மையான தீனியை வைத்துப் பழக்கவேண்டும். விரலை விட்டுச் சூடு பார்ப்பது போதாது, தெர்மாமீட்டர் வேண்டும். 43 டிகிரியைத் தாண்டினால் தீனிப்பை வெந்துவிடும், நாலைந்து நாள் கழித்துத்தான் கழுத்தடியில் ஓட்டை தெரியும்.

இரண்டாவது, காகிதம். சாம்பல் கிளி 2017 ஜனவரியிலிருந்து சைட்டிஸ் என்ற, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. இந்தியாவிலும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு, 2024இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்யவேண்டும். விற்பவரிடம் பதிவு விவரம் இல்லையென்றால் வாங்காதீர்கள். நம்மூர்ப் பச்சைக்கிளியை வளர்ப்பது எந்தக் காகிதம் இருந்தாலும் குற்றம்தான்.

எது குறைகிறது

சூரியகாந்திப் பருப்பில் பாதிக்குமேல் கொழுப்பு. 100 கிராமில் கால்சியம் 80 மில்லிகிராமைச் சுற்றி இருக்கும், பாஸ்பரஸ் 660 மில்லிகிராம். கால்சியத்தைப் போல் எட்டு மடங்கு பாஸ்பரஸ். உடம்புக்கு வேண்டியது தலைகீழ்: கால்சியம் பாஸ்பரஸைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கவேண்டும். மற்ற கிளிகள் இந்தக் குறையை எலும்பிலிருந்து கால்சியம் எடுத்து ஓரளவு சமாளிக்கும். சாம்பல் கிளிக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. இரத்தத்தில் கால்சியம் இறங்கினால் கொம்பில் உட்கார்ந்திருக்கும்போதே தள்ளாடி விழும், இறக்கை நடுங்கும், வலிப்பு வரும். குஞ்சாக இருந்தால் வலிப்புக்கு முன்னாலேயே கால் வளையும், நெஞ்செலும்பு கோணும். வளைந்த எலும்பைப் பின்னால் தீனி கொடுத்து நிமிர்த்த முடியாது.

அடுத்தது வைட்டமின் ஏ. விதையில் அது கிட்டத்தட்டக் கிடையாது. குறைந்தால் வாய், மூக்குக் குழி இவற்றின் உள்தோல் தடித்துக் காய்ந்துபோகும், நாக்கடியில் வெள்ளைப் புள்ளி வரும், மூக்கு அடைத்து அடைத்து ஒழுகும். இங்கே அதைக் "கடல் காத்து ஒத்துக்கலை" என்று சொல்லிக் கூண்டை உள்ளறைக்கு மாற்றி, வெயிலையும் சேர்த்து அடைத்துவிடுகிறார்கள். காற்றின்மேல் பழி, குற்றம் கிண்ணத்தில்.

காட்டில் இந்தப் பறவை எண்ணெய்ப்பனையின் ஆரஞ்சு நிறச் சதையை விரும்பித் தின்கிறது. கொழுப்பும் கரோட்டினும் ஒரே பழத்தில் கிடைக்கிற தீனி. இதைப் படித்துவிட்டு ரேஷன் பாமாயிலை ஒரு கரண்டி ஊற்றுகிறவர்கள் உண்டு. சுத்திகரிப்பில் அந்தச் சிவப்பு, அதாவது கரோட்டின், போய்விட்டது. மிச்சம் வெறும் கொழுப்பு. நம் பக்கத்துப் பனைமரம் வேறு சாதி, அதில் பாமாயில் வராது. கோடையில் ஒரு நுங்குத் துண்டு கொடுத்தால் குஞ்சு விளையாடித் தின்னும், தீனிக் கணக்கில் அதைச் சேர்க்கவேண்டாம்.

தராசு

ஒரு கிராம் துல்லியம் காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு போதும். தட்டின்மேல் அரை அடி உயரத்தில் டி வடிவக் கொம்பு ஒன்றை பி.வி.சி. குழாயில் செய்து, குழாய்மேல் சணல் கயிறு சுற்றி ஒட்டாமல் கட்டிவிடவும். வழுக்கினால் குஞ்சு ஏறாது. கொம்பை வைத்துச் சுழியாக்கிவிட்டுப் பறவையை ஏற்றவேண்டும்.

எடை எடுக்கும் நேரம் ஒன்றே: காலையில் முதல் பெரிய எச்சம் போட்டபிறகு, வாயில் எதுவும் படுவதற்குமுன். இரவெல்லாம் சேர்ந்த அந்த எச்சமே சில கிராம் இருக்கும். ஒருநாள் அதற்குமுன், ஒருநாள் அதற்குப்பின் என்று எடுத்தால் எண்கள் குதிக்கும், காரணமில்லாமல் பயப்படுவீர்கள்.

முதல் நாலு நாள் தீனியில் கைவைக்காமல் எடை மட்டும் எழுதவும். அந்தச் சராசரிதான் அடிப்படை. 420 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 407க்கு இறங்கினால் 3 சதவீதம் குறைந்திருக்கிறது, இருக்கிற படியிலேயே (கீழே வரும் வாரக் கணக்கில் அந்த வார விதை அளவிலேயே) நிற்கவும். 399க்கு வந்தால் 5 சதவீதம், ஒரு படி பின்னால் போகவும். 378 என்றால் 10 சதவீதம், பழைய தீனியைத் தாராளமாக வைத்துவிட்டு அன்றே கால்நடை மருத்துவரிடம் போகவும். இந்த மூன்று எண்ணையும் கூண்டுக்குமேல் சுவரில் எழுதி ஒட்டிவைத்தால் வீட்டில் யார் எடை பார்த்தாலும் தெரியும். பறக்கத் தொடங்கும் பருவத்தில் குஞ்சு தானாகவே கொஞ்சம் எடை இறங்கும். மூன்று மாதக் குஞ்சின் உச்ச எடையை அடிப்படையாக எடுத்துக்கொண்டால் கணக்கு தப்பும்.

பெல்லட் வாங்கும்போது

சாம்பல் கிளி அளவுக்கான, நிறம் சேர்க்காத பெல்லட் வாங்கவும். பையின் பின்புறம் கால்சியம் ஒரு சதவீதத்தை ஒட்டி இருக்கவேண்டும். கடைகளில் பெரிய மூட்டையைப் பிரித்துப் பாலிதீன் கவரில் கட்டி விற்பதில் தேதியும் இருக்காது, வைட்டமினும் எவ்வளவு மிஞ்சியது என்று தெரியாது. விலை கூடினாலும் தேதியுள்ள ஒரு கிலோ மூல உறை நல்லது. பிரித்தபின் காற்றுப்புகா டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்து ஆறேழு வாரத்தில் தீர்க்கவும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே வைத்தால் பத்தே நாளில் நமத்துவிடும். நமத்த பெல்லட்டை வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடக்கூடாது. பூஞ்சை போனாலும் அதன் நஞ்சு போகாது.

மலிவு என்று முட்டைக்கோழித் தீவனம் போடுவதைப் பல வீட்டில் பார்க்கலாம். அதில் கால்சியம் மூன்றரை, நாலு சதவீதம். தினம் முட்டையிடும் கோழிக்கு அது சரி, வளர்கிற கிளிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போகும்.

வாரக் கணக்கு

குஞ்சுக்குப் பசி கூடுதலாக இருப்பது விடிகாலையில். புதிய தீனி அப்போது, பழகிய விதை அந்தியில். இதை மாற்றிப் போட்டால் விதையில் வயிறு நிரப்பிவிட்டு மற்றதைப் பார்க்காது.

காலை எடை எடுத்ததும் வெதுவெதுப்பான காய்க் கலவை இரண்டு மேசைக்கரண்டி, அதன்மேல் மிக்ஸியில் பொடித்த பெல்லட் ஒரு தேக்கரண்டி தூவிப் பிசறி வைக்கவும். ஒன்றரை மணி நேரம் கழித்து எடுத்துவிட்டு, முழு பெல்லட் 25 கிராம் பகல் முழுக்க இருக்கட்டும். மாலை ஐந்தரைக்கு அளந்த விதை, அரை மணி நேரம். முதல் வாரம் தோலோடு 15 கிராம். இது அதன் தேவையில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும், ஆகவே காலையில் எதையும் தொடாவிட்டாலும் முதல் வாரத்தில் ஆபத்தில்லை. இரண்டாம் வாரம் 12, மூன்றாம் வாரம் 8, நாலாம் வாரம் 5 கிராம். ஒவ்வொரு இறக்கத்துக்கும் தராசு சம்மதிக்கவேண்டும். சில குஞ்சுக்கு நாலு வாரம், சிலதுக்குப் பத்து வாரம். "பசிச்சாத் தின்னும்" என்று விதையை ஒரேயடியாக நிறுத்துவது குஞ்சு விஷயத்தில் செய்யவே கூடாதது. பெல்லட்டைத் தீனி என்றே தெரியாத பறவை அதன் பக்கத்திலேயே பட்டினி கிடக்கும்.

இளங்குஞ்சுக்கு ஒரு அனுகூலம் உண்டு, வயதான பறவைக்கு இல்லாதது: அதற்குக் கரண்டி ஞாபகம் இருக்கிறது. பெல்லட்டைச் சுடுதண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, களிபோல் மசித்து, 39 டிகிரிக்கு ஆறவிட்டு, இரு ஓரமும் உள்ளே மடக்கிய எவர்சில்வர் கரண்டியில் நீட்டினால் முதல் நாளே வாங்கும். நாலு நாள் களி, அடுத்த நாலு நாள் அரைகுறையாக மசித்தது, பிறகு ஊறிய முழு பெல்லட், கடைசியில் காய்ந்தது. ஊறவைத்தது எதுவானாலும் சித்திரை வைகாசியில் ஒரு மணி நேரம், மற்ற மாதங்களில் இரண்டு மணி நேரம், அதற்குமேல் கூண்டில் இருக்கக்கூடாது.

நாம் சாப்பிடும்போது பக்கத்தில் ஒரு சிறு தட்டில் அதே காயை, உப்பில்லாமல் வேகவைத்து, வைப்பதும் பலிக்கும். கூட்டமாகத் தின்று பழகிய சாதி அது. ஆனால் நம் வாயில் வைத்ததை ஊட்டவேண்டாம். நம் எச்சிலிலுள்ள கிருமி அதற்கு ஆகாது.

எச்சத்தைத் தினமும் பார்க்கவும். காகிதம் விரித்தால்தான் தெரியும். பச்சைப் பகுதி, வெள்ளைப் பகுதி, தெளிந்த நீர் மூன்றும் இருந்தால் நலம். பெல்லட் தின்னத் தொடங்கினால் பச்சை பழுப்பாகும், பீட்ரூட் கொடுத்தால் சிவக்கும், இதற்கெல்லாம் பதறவேண்டாம். எண்ணிக்கை குறைந்து, சின்னதாக, கருப்பு கலந்த கரும்பச்சையில் வந்தால் வயிற்றில் ஒன்றுமில்லை என்று பொருள். தராசு சொல்வதற்குமுன் காகிதம் சொல்லிவிடும்.

கணவாய் ஓடு

விலை கொடுத்து வாங்கும் கால்சியக் கட்டிக்கு இந்தக் கரையில் அவசியமே இல்லை. மீன் இறங்கும் துறைகளில் ஓட்டுக் கணவாயைச் சுத்தம் செய்கிற இடத்தில் கேட்டால் ஓட்டைச் சும்மா தருவார்கள். ஊசிக் கணவாயில் இந்த ஓடு கிடையாது, கண்ணாடிபோல் ஒரு தகடுதான் இருக்கும். கரையில் ஒதுங்கியதை எடுப்பதானால் தார் படாத, பச்சை பிடிக்காத, வெள்ளையான ஓடாகப் பொறுக்கவும். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் இறங்கி எதையும் எடுக்கக்கூடாது. பவளத் துண்டைக் கூண்டில் தொங்கவிடுவதும் வேண்டாம், பவளம் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிரினம், பல வகைச் சங்கும் அப்படியே. வெற்றிலைச் சுண்ணாம்பு கால்சியம்தானே என்று தடவுவது எல்லாவற்றிலும் மோசம். வாயும் நாக்கும் வெந்துபோகும்.

ஓட்டில் சிக்கல் உப்பு. அது முழுக்கச் சின்னச் சின்ன அறைகள். உள்ளே கடல்நீர் புகுந்து காய்ந்திருக்கும். மேலே கழுவி வெயிலில் வைத்தால் உப்பு உள்ளேயே இருக்கும். குஞ்சு அதைச் சுரண்டித் தின்று தண்ணீராகக் குடிக்கும், எச்சம் நீராகப் போகும், ஏதோ வயிற்றுப்போக்கு என்று மருந்து தேடுவோம்.

செய்யவேண்டியது: பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, ஓரத்துக் கூர் விளிம்பை ஒடித்துவிட்டு, நல்ல தண்ணீரில் பதினைந்து நிமிடம் கொதிக்கவிடவும். ஓடு மிதக்கும். மேல்பாதி காய்ந்தபடியே நின்றால் பயனில்லை, அதனால் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அமுக்கிவைக்கவும். கொதிப்பில் உள்ளிருக்கும் காற்று வெளியேறும், அதே தண்ணீரில் ஆறவிட்டால் தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். இந்தப் படியைச் செய்யாமல் விட்டால் ஒரு வாரம் ஊறவைத்தும் நடுப்பகுதிக்குத் தண்ணீர் போவதில்லை. பிறகு வாளியில் போட்டு, மேலே கனம் வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் மாற்றி ஐந்து முதல் ஏழு நாள்.

எப்போது போதும் என்று நாக்கால் பார்க்கவேண்டாம். ஆர்.ஓ. பழுதுபார்ப்பவர் வைத்திருக்கும், தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்தான். வாளியில் ஊற்றும்போது தண்ணீர் என்ன காட்டுகிறது, ராத்திரி ஊறி விடிந்தபின் என்ன காட்டுகிறது என்று இரண்டையும் எழுதவும். முதல் நாள் எண் பல மடங்கு ஏறியிருக்கும். ஊற்றியதற்கும் விடிந்ததற்கும் ஐம்பதுக்குள் வித்தியாசம் வந்தால் உப்பு போய்விட்டது. மீதிக் கொஞ்சம் ஓடே கரைவதால் வருவது. வாளியில் ஊற்றுவதே உப்புத் தண்ணீராக இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது.

மொட்டைமாடி வெயிலில் மூன்று நாலு நாள் காயவிட்டால் நகத்தால் கீறும்போது மாவாக உதிரும். நனைந்த மாவுபோல் நகத்தில் ஒட்டினால் இன்னும் காயவில்லை, கூண்டில் பூஞ்சை பிடிக்கும். மென்மையான பக்கம் பறவையைப் பார்க்க, ஓடுள்ள பக்கம் கம்பியை ஒட்ட, துருப்பிடிக்காத எஃகுக் கம்பியால் கட்டவும். நாகப்பூச்சுக் கம்பி ஆகாது, கிளி அதைக் கடித்தால் துத்தநாக நஞ்சு ஏறும்.

பாதிக் குஞ்சுகள் ஓட்டைத் தொடாது, அல்லது உடைத்து எறிந்து விளையாடும். அப்படியானால் கத்தியால் சுரண்டிப் பொடியாக்கிக் கலவையில் சேர்க்கலாம். ஒரு கிராம் பொடியில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம். விதையிலிருந்து மாறுகிற வாரங்களில் நாளுக்குக் கால் கிராம், அதாவது சுமார் 90 மில்லிகிராம், போதும். பெல்லட் முழுதாகத் தின்னத் தொடங்கியதும் பொடியை நிறுத்திவிடவும். அதில் வேண்டிய கால்சியம் ஏற்கெனவே இருக்கிறது. வைட்டமின் சொட்டு மருந்துக்கும் இதே விதி. பெல்லட்டும் சொட்டும் சேர்ந்தால் வைட்டமின் டி3 மிகுந்து சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படியும்.

எவ்வளவு கால்சியம் கொடுத்தாலும் உடம்பில் சேர டி3 வேண்டும், டி3 உண்டாக வெயில் நேரடியாகப் படவேண்டும். கண்ணாடி சன்னல் வழியாக வரும் வெயிலில் அதற்கான கதிர் இல்லை. காலை ஏழிலிருந்து எட்டரைக்குள் அரை மணி நேரம், கூண்டில் பாதிக்கு நிழல் துணி போட்டு, தண்ணீரோடு வெளியே வைக்கவும். ஆள் பக்கத்தில் இருக்கவேண்டும், காக்கையும் பூனையும் இந்தக் கரையில் குறைவில்லை.

முருங்கை, மிளகாய், கோவை

வைட்டமின் ஏக்கு வெளியூர்ப் பொருள் எதுவும் வேண்டாம். முருங்கைக்கீரை ஒன்றிலேயே கரோட்டினும் கால்சியமும் சேர்ந்து வருகிறது. 100 கிராம் கீரையில் கால்சியம் 300 மில்லிகிராமுக்குக் குறையாது. உருவிப் போடுவதைவிட, ஒரு கொத்தை நன்றாக நனைத்துக் கூண்டின் மேல்கம்பியில் தலைகீழாகக் கட்டுங்கள். இலையில் உரசிக் குளித்துக்கொண்டே கிள்ளித் தின்னும், புதிய காயைக் கண்டு பயப்படும் குஞ்சுகூட இதற்கு மசியும். பாலக், தண்டுக்கீரை, பருப்புக்கீரை மூன்றிலும் ஆக்சலேட் மிகுதி, உள்ள கால்சியத்தையும் கட்டிப்போட்டுவிடும். வாரம் ஒருநாளுக்குமேல் வேண்டாம்.

மிளகாய் கொடுத்தால் கிளி பேசும் என்பது நம்மூர் நம்பிக்கை. பேச்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் கொடுப்பது நல்லதுதான். பறவைக்கு மிளகாயின் காரம் உறைக்காது, அதன் நரம்பு அந்தக் காரத்தை உணர்வதில்லை. பச்சையைவிடப் பழுத்துச் சிவந்ததில்தான் கரோட்டின் கூடுதல். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ராமநாதபுரம் குண்டு மிளகாய் மாசி, பங்குனியில் செடியிலேயே சிவந்து சந்தைக்கு வரும்போது அப்படியே வாங்கிவிடவும். மருந்து தெளித்திருப்பார்கள், மூன்று தண்ணீரில் கழுவிக் காம்பு கிள்ளி, நாளுக்கு ஒன்று. விதையைத்தான் முதலில் தின்னும், தோலையும் தின்னப் பொடியாக நறுக்கவும். வற்றல் வேண்டாம். தரையில் பரப்பிக் காய்ந்ததிலும் ஈரம் பட்டதிலும் பூஞ்சை நஞ்சு இருக்கக்கூடும். ஒரு எச்சரிக்கை: மிளகாய் தின்ற அலகோடு உங்கள் தோளில் ஏறிக் கன்னத்தைக் கொஞ்சும். அதற்கு உறைக்காது, உங்களுக்கு உறைக்கும். குழந்தைகள் கண்ணைக் கசக்குமுன் கையைக் கழுவவைக்கவும்.

சீமைக் கருவேல வேலியில் படர்ந்து கிடக்கும் கோவைக்கொடியில் பழுத்த பழத்தைச் சாலையோரம் அல்லாத இடத்தில் பறிக்கலாம். கோவைப்பழமும் பச்சைக்கிளியும் நம்மிடம் பிரியாத ஜோடி, சாம்பல் கிளியும் அதை மறுப்பதில்லை.

காய்க் கலவைக்கு அளவு: கேரட் 75 கிராம், மஞ்சள் பூசணி 75, கோவைக்காய் 40, பீன்ஸ் அல்லது கொத்தவரை 40, முருங்கை இலை 30, வேகவைத்த கொண்டைக்கடலை 25, சிவந்த மிளகாய் 15. மொத்தம் 300 கிராம், நாளுக்கு 25 வீதம் பன்னிரண்டு நாளுக்கு வரும். பூசணியையும் கேரட்டையும் இட்லிச் சட்டியில் ஐந்து நிமிடம் ஆவிகாட்டினால் போதும், குழைந்தால் எடுத்து எறியும். எல்லாவற்றையும் கடலைப்பருப்பு அளவுக்கு நறுக்கவும். துண்டு பெரிதானால் பிடித்ததைப் பொறுக்கிவிட்டு மற்றதைக் கீழே தள்ளும். நறுக்கியதைத் துணியில் பரப்பி ஈரம் வற்றவைத்தபின் ஐஸ் தட்டில் அழுத்தி உறையவைக்கவும். ஈரத்தோடு உறைந்தது உருகும்போது சொதசொதவென்று புளிக்கும். முதல்நாள் இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றி, காலையில் கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் வைத்து வெதுவெதுப்பாக்கவும். மின்சாரம் நீண்ட நேரம் போய் உருகிவிட்டால் திரும்ப உறையவைக்காமல் கொட்டிவிடவும்.

முளைகட்டிய பாசிப்பயறு ஒரு மேசைக்கரண்டி வாரம் நாலு நாள் சேர்க்கலாம். எட்டு மணி நேரம் ஊறல், பிறகு நாலு மணிக்கொருமுறை அலசல், வால் எட்டிப்பார்த்ததும் கொடுத்துவிடவேண்டும். வழவழப்போ புளித்த வாடையோ வந்தால் கோழிக்குக்கூடப் போடாதீர்கள். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் பாதி முளைக்காது, முளைக்காத பாதி அழுகும். குடிக்க வைப்பதும் காவிரிக் கூட்டுக் குடிநீரோ கேன் தண்ணீரோதான். கேழ்வரகும் இதேபோல் முளைகட்டிச் சேர்க்கலாம், தானியங்களில் கால்சியம் மிகுந்தது அது. ராஜ்மா, மொச்சை போன்ற பெரிய பயறுகள் முளைகட்டினாலும் பச்சையாக ஆகாது, குழைய வேகவேண்டும். மரவள்ளியும் பச்சையாக வேண்டாம்.

பழம் பப்பாளி, கொய்யா, மாம்பழம் எதுவானாலும் நாளுக்கு ஒரு பெருவிரல் அளவு. கொட்டையில் பாதாம் ஒன்று அல்லது வால்நட் பாதி. அதையும் கிண்ணத்தில் போடாமல் கையிலிருந்து, பழக்கத்துக்குப் பரிசாகக் கொடுக்கவும். தோலோடு கூடிய பச்சை நிலக்கடலை இந்த ஈரக்காற்றில் பூஞ்சைக் கூடு. சாம்பல் கிளிக்கு மூச்சுப்பையில் பூஞ்சை பிடிக்கும் நோய் எளிதில் வரும்.

படவே கூடாதவை: ஜூஸ் கடையில் பட்டர் ஃப்ரூட் என்று விற்கும் வெண்ணெய்ப்பழம், சாக்லேட், காபி, டீ, வெங்காயம், பூண்டு, மது, ஆப்பிள் விதை. வெண்ணெய்ப்பழம் சில மணி நேரத்திலேயே இதயத்தைப் பாதிக்கும். மிக்சர், முறுக்கு, அப்பளம், கருவாடு எல்லாம் உப்பு. பாலில் நனைத்த பிரட் ஜீரணமாகாது. இரையை அரைக்க வயிற்றுக்குக் கல் வேண்டும் என்று கடல் மணல் வைக்கும் பழக்கமும் வேண்டாம், விதையை உரித்துத் தின்னும் பறவைக்கு மணல் தேவையே இல்லை. சமையலறைப் பக்கம் கூண்டு இருந்தால் நான்ஸ்டிக் சட்டியை ஒழித்துவிடுங்கள். காய்ந்து சூடேறினால் வரும் புகை நிமிடங்களில் பறவையைக் கொல்லும்.

அடிக்கடி தடம் மாறும் இடங்கள்

எடை நன்றாக இருக்கிறது, பெல்லட்டும் தீர்கிறது, ஆனால் தண்ணீர்க் கிண்ணம் பழுப்புக் கஞ்சியாக இருக்கிறது: பெல்லட்டை நனைத்துத் தின்கிறது. தின்பது நல்லதுதான், ஆனால் அந்தத் தண்ணீரை மதியம்வரை விட்டால் கிருமிக் குழம்பு. இரண்டு கிண்ணத்தையும் கூண்டின் எதிரெதிர் மூலைக்கு மாற்றி, நாளுக்கு மூன்று தடவை தண்ணீர் மாற்றவும்.

பெல்லட் தீர்கிறது, எடை இறங்குகிறது: நொறுக்கிக் கொட்டுகிறது. அடியில் விழுந்த பொடியைக் கூட்டி எடை போட்டு, வைத்ததிலிருந்து கழித்தால் வயிற்றுக்குள் போனது தெரியும். பெரும்பாலும் பெல்லட் அளவு பெரிதாக இருக்கும், ஒரு அளவு குறைத்துப் பார்க்கவும்.

இரண்டு வாரம் நன்றாகத் தின்று மூன்றாம் வாரம் திடீரென்று மறுக்கிறது: பெல்லட்டை முகர்ந்து பாருங்கள். கடலை எண்ணெய் கெட்டதுபோல் வாடை வந்தால் அதிலுள்ள கொழுப்பு காறிவிட்டது. புதிய உறை பிரிக்கவும்.

எறும்பு ஏறினால் கூண்டுக் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தவும். எறும்புச் சாக்பீஸ் பூச்சிக்கொல்லி, கிளி காலில் ஒட்டி அலகுக்குப் போகும்.

தள்ளாட்டம், நடுக்கம், கொம்பிலிருந்து விழுதல் இவற்றில் எது தெரிந்தாலும் கணவாய்ப் பொடியைக் கூட்டிப் பார்க்கிற நேரமில்லை. இரத்தக் கால்சியம் பார்த்து ஊசி போடவேண்டிய நிலை அது. உள்ளூர்க் கால்நடை மருத்துவமனையில் முதலுதவி வாங்கிக்கொண்டு திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ, சென்னை வேப்பேரியிலுள்ள கல்லூரிக்கோ போகலாம். போகும்போது எடை நோட்டையும் என்னென்ன தின்றது என்ற கணக்கையும் கையோடு கொண்டுபோகவும், மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

மாற்றம் முடிந்து நிலைத்த குஞ்சின் ஒருநாள் தட்டு இப்படி: பெல்லட் 25 முதல் 30 கிராம், காய்க் கலவை 25, வாரம் நாலு நாள் முளைப்பயறு ஒரு மேசைக்கரண்டி, பெருவிரல் அளவு பழம், ஒரு கொட்டை, பயிற்சிக்கு இரண்டு மூன்று கிராம் விதை. எடை மூன்று வாரம் அசையாமல் நின்றபின் தினசரி எடையை வாரம் இரண்டாகக் குறைக்கலாம். புது உறை பெல்லட் பிரித்த வாரம் மட்டும் மறுபடி தினமும்.